'மிட்ஜெட்' முதல் 'யு-18' வரை: விளையாட்டில் வயதுப் பிரிவுகளின் பெயர்கள் - ஓர் ஆய்வு



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். 'சி.என்.சி. மெஷின் பற்றி எழுது', 'சூரிய சக்தி பற்றி எழுது' என்றார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்ட என் அறை நண்பனோ, "என்னடா இது, ஸ்போர்ட்ஸ் டே சர்டிபிகேட் மாதிரி இருக்கு!" என்று சிரித்தான். சிரிக்கட்டும். படித்து முடித்த பிறகும் சிரிக்கிறானா பார்ப்போம்!

ஒரு ஜாக்கெட்டின் கதை

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட இரண்டு வயது இளையவன். பிறவியிலேயே உயரக் குறைவு உள்ளவன். இப்போது 17 வயது. உயரம் நாலடி இரண்டு அங்குலம். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் சராசரி உயரம்தான். 'அது எப்படி?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நிலைக்கு மிகப் பொதுவான காரணம் 'அகோண்ட்ரோபிளேசியா' என்ற மரபணு மாற்றம். இதோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் சராசரி உயரம் உடையவர்களே. யார் செய்த பாவமும் இல்லை, யார் விட்ட சாபமும் இல்லை!

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், கனடாவின் டொராண்டோவில் குடியிருக்கும் எங்கள் மாமா ஊருக்கு வந்தார். தன் மகன் போட்டுப் பழசான ஒரு ஜாக்கெட்டை என் தம்பிக்குக் கொடுத்தார். கறுப்பும் சிவப்புமாய் நல்ல கனமான ஜாக்கெட். மாமா மகன் 2018-ல் ஐஸ் ஹாக்கி ஆடியபோது அவனது குழு கொடுத்தது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். சித்திரை வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தான்!

அந்த ஜாக்கெட்டின் கையில் வெள்ளை நூலால் ஒரு வார்த்தை தைத்திருந்தது. 'மிட்ஜெட்'.

"அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். எனக்கு அர்த்தம் தெரியும். ஆனாலும், "சின்னப் பசங்க டீம்னு அர்த்தம்டா" என்று சமாளித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் என்னிடம் கேட்பதற்கு முன்பே அகராதியைப் பார்த்துவிட்டான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மேஜையில் அகராதி திறந்தபடி இருந்தது. 'குள்ளன்' என்று போட்டிருந்தது.

15 வயதுப் பிள்ளைகள் ஆடும் குழுவுக்கு எதற்கு இந்தப் பெயர்? மாமா மகனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அந்தப் பேரை இப்ப எடுத்துட்டாங்க, அத்தான். இப்ப யு-18னு சொல்றாங்க" என்று பதில் வந்தது. அங்கே பிடித்த நூல்தான் இந்தக் கட்டுரை.

வயதுப் பிரிவு எதற்கு?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஐஸ் ஹாக்கி நம் ஹாக்கி போல அல்ல. பனித்தளத்தின் மேல், காலில் கத்தி பொருத்திய ஸ்கேட்டிங் ஷூவுடன், காற்றாய்ப் பறந்து ஆடுவது. பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கெட்டியான ரப்பர் வட்டு. எதிராளியை உடம்பால் மோதித் தடுப்பதும் அந்த ஆட்டத்தில் சட்டப்படி செல்லும். 'பாடி செக்கிங்' என்பார்கள்.

10 வயதுப் பையன் மேல் 15 வயதுப் பையன் அப்படி மோதினால் என்ன ஆகும்? நியூட்டனின் இரண்டாம் விதியைப் படித்த நமக்குச் சொல்லவே வேண்டாம்! ஆகவேதான் வயது வாரியாகப் பிரிக்கிறார்கள். 11, 12 வயதுப் பிரிவில் மோதலை அனுமதித்த ஆல்பர்ட்டா மாகாணத்தையும், அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. மோதல் அனுமதித்த இடத்தில் காயம் படும் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. 2013-ல் கனடா முழுவதும் அந்த வயதில் மோதலைத் தடை செய்தார்கள்.

ஆக, வயதுப் பிரிவு என்பது சம்பிரதாயம் அல்ல. பிள்ளைகளின் எலும்பைக் காக்கும் வேலி. வேலி அவசியம். அந்த வேலியில் என்ன பெயர்ப்பலகை மாட்டுகிறோம் என்பதுதான் நம் கேள்வி.

கனடாவின் பழைய ஏணி

கனடாவில் பல பத்தாண்டுகளாக வழங்கிய பெயர்களையும், இப்போதைய பெயர்களையும் கீழே தருகிறேன்.

நோவிஸ் (7, 8 வயது) - இப்போது யு-9
ஆட்டம் (9, 10 வயது) - இப்போது யு-11
பீவீ (11, 12 வயது) - இப்போது யு-13
பேண்டம் (13, 14 வயது) - இப்போது யு-15
மிட்ஜெட் (15 முதல் 17 வயது) - இப்போது யு-18

நோவிஸுக்கும் கீழே, 5, 6 வயதுக் குழந்தைகள் ஸ்கேட்டிங் பழகும் பிரிவு ஒன்று உண்டு. அது இப்போது யு-7.

பழைய பெயர்களின் வேரைத் தேடிப் பார்த்தேன். சுவையாகவே இருந்தது!

நோவிஸ் என்றால் புதிதாய்க் கற்க வந்தவன். நம் ஊரில் 'கத்துக்குட்டி' என்போமே, அதுதான்.

ஆட்டம் என்றால் அணு. ஆங்கிலத்தில் அணுவைச் சொல்லும் அதே சொல். நம் தமிழ் 'ஆட்டம்' என்று எண்ணி நானும் முதலில் குழம்பினேன்! அணுவைப் போலச் சின்னது என்று பொருள்.

பீவீ என்றால் ரொம்பச் சின்னது. 'பொடிசு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேண்டம் என்பது ஒரு கோழி வகை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள பாண்டென் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது. உருவம் சிறிது, ஆனால் சண்டைக்கு அஞ்சாத கோழி. குத்துச்சண்டையில் 'பேண்டம் வெயிட்' என்று சொல்வதும் இதிலிருந்துதான். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல், ஐந்தடி மூன்று அங்குலம் இல்லை என்று ராணுவத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்களைக் கொண்டே பிரிட்டனில் தனிப் படைப்பிரிவுகள் அமைத்தார்கள். அவற்றுக்கும் 'பேண்டம்' என்றே பெயர்.

கடைசியாக மிட்ஜெட். 'மிட்ஜ்' என்றால் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி. அதோடு 'இன்னும் சின்னது' என்று காட்டும் ஒரு விகுதியைச் சேர்த்தால் மிட்ஜெட். அதாவது, கொசுக்குட்டி!

இந்த 'கொசு' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 9 வயதுப் பையன் 'அணு'. 17 வயதில் மீசை முளைத்து ஆறடி வளர்ந்த வாலிபன் 'கொசுக்குட்டி'! ஏணியில் ஏற ஏறப் பெயர் பெரிதாக வேண்டாமா? புதிதாக வருகிற ஒருவருக்கு எது மேல் படி, எது கீழ்ப் படி என்றே தெரியாது. மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

ஏன் மாற்றினார்கள்?

மற்ற பெயர்களுக்கும் மிட்ஜெட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அணுவையோ கோழியையோ பேர் சொல்லி அழைத்தால் அவை வருந்தப் போவதில்லை. ஆனால் 'மிட்ஜெட்' என்ற சொல்லை ஆங்கிலம் பேசும் நாடுகளில் மனிதர்கள் மேல் ஒட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில், உயரக் குறைவு உள்ளவர்களை மேடையேற்றிக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்த்த கூடாரங்கள் அங்கே பெருகின. அமெரிக்காவில் பி.டி. பார்னம் என்பவர் அந்த வியாபாரத்தில் பேர்போனவர். அந்தக் காட்சிகளோடு வளர்ந்த சொல் இது. சொல் தேய்ந்து கேலியானது. கேலி தடித்து வசவானது.

1957-ல் பில்லி பார்ட்டி என்ற நடிகர், தன்னைப் போல உயரக் குறைவு உள்ளவர்களை அமெரிக்காவின் ரெனோ நகரத்துக்கு அழைத்து ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்துக்கு அவர்களே முதலில் வைத்த பெயரில் 'மிட்ஜெட்' என்ற சொல் இருந்தது! பிறகு அதைக் களைந்து, 'சிறிய உருவ மக்கள்' என்று பொருள்படும் 'லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா' என்று மாற்றிக்கொண்டார்கள். அதே சங்கம் 2015-ல் இந்தச் சொல்லையே பொதுவழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது.

கனடாவிலும் உயரக் குறைவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களும் சங்கங்களும் இதே கோரிக்கையை எழுப்பினார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 'என் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்யும் வார்த்தையை ஊர் மைதானத்தில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அவன் எப்படி அங்கே வந்து ஆடுவான்?'

'ஹாக்கி கனடா' என்ற அந்த நாட்டு ஹாக்கி நிர்வாக அமைப்பு ஒரு குழுவை வைத்து ஆராய்ந்து, 2020 ஜனவரியில் முடிவை அறிவித்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுக்காமல் ஏணி முழுவதையும் எண்ணால் மாற்றிவிட்டார்கள். 2020-21 பருவத்திலிருந்து புதிய பெயர்கள் நடைமுறைக்கு வந்தன. கொரோனா காலம் அது. பல இடங்களில் ஆட்டமே நின்றுபோன பருவத்தில் பெயர் மாறியது! பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக்கில் 'யு' என்பதற்குப் பதில் 'எம்' போடுகிறார்கள். எம்-18 என்றால் '18-க்குக் குறைவு' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்.

யு-9 உம் 8-யு உம்: ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்கா இந்தக் காரியத்தைக் கனடாவுக்கு முன்பே செய்துவிட்டது. மைட், ஸ்குவர்ட், பீவீ, பேண்டம், மிட்ஜெட் என்று அங்கே வழங்கிய பெயர்களை 2016-17 பருவத்திலிருந்து 8-யு, 10-யு, 12-யு, 14-யு என்று மாற்றினார்கள்.

இங்கே ஒரு நுட்பம். கனடாவில் எழுத்து முன்னால், எண் பின்னால்: யு-9. அமெரிக்காவில் எண் முன்னால், எழுத்து பின்னால்: 8-யு. இரண்டும் வேறு வேறு பிரிவா? இல்லை, ஒரே வயதுப் பிள்ளைகள்தான்!

யு-9 என்றால் '9-க்குக் குறைவு'. 9 சேராது.
8-யு என்றால் '8 அல்லது அதற்குக் குறைவு'. 8 சேரும்.

கணக்குப் பாடத்தில் 'சிறியது' என்ற குறிக்கும் 'சிறியது அல்லது சமம்' என்ற குறிக்கும் உள்ள வித்தியாசம்தான். முழு வயதாக எண்ணினால் இரண்டும் ஒன்றே. இரு நாட்டிலும் டிசம்பர் 31-ஐ வைத்தே வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே கனடாவின் யு-13 குழு எல்லை தாண்டி ஆடப்போனால் அமெரிக்காவின் 12-யு குழுவைத் தேட வேண்டும். 13 என்ற எண்ணைப் பார்த்து 14-யு குழுவோடு மோதினால் தொலைந்தது!

மெட்ராலஜி லேபில் 'கோ - நோ கோ கேஜ்' பிடித்துப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஒரு பக்கம் துளைக்குள் போக வேண்டும், மறு பக்கம் போகக் கூடாது. வயது வரம்பும் அப்படிப்பட்ட ஒரு கேஜ்தான். கேஜின் மேல் அளவைப் பொறிப்போம். 'குட்டி கேஜ்', 'பொடி கேஜ்' என்று பொறித்தால் எந்த ஃபோர்மேனாவது ஏற்றுக்கொள்வாரா?

மற்ற விளையாட்டுகளில்...

இது ஹாக்கியோடு நிற்கவில்லை. கால்பந்தில் 'உலக இளைஞர் சாம்பியன்ஷிப்' என்று நடந்துவந்த போட்டிக்கு 2007 முதல் 'யு-20 உலகக் கோப்பை' என்று பெயர். தடகளத்தில் 'உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்' 2016-ல் போலந்தின் பிட்கோஷ் நகரில் நடந்தபோது 'யு-20' ஆனது. பிரான்ஸ் கால்பந்தில் 'புசான்' என்று ஒரு பிரிவு இருந்தது. கோழிக்குஞ்சு என்று அர்த்தம். 2009-ல் அங்கும் எண்ணுக்கு மாறினார்கள்.

இத்தாலியில் கால்பந்து பழகும் சிறுவர்களை இன்றும் 'புல்சினி' என்கிறார்கள். அதுவும் கோழிக்குஞ்சுதான்! ஸ்பெயினில் ஒரு பிரிவுக்கு 'அலெவின்' என்று பெயர். மீன்குஞ்சு. இவை யாரையும் புண்படுத்தியதாகத் தெரியவில்லை. நாமும் குழந்தையைக் 'குஞ்சு' என்று கொஞ்சுகிறோமே! ஆகவே எல்லாச் செல்லப் பெயரும் தவறு என்று நான் சொல்லவில்லை. நான் கண்ட அளவுகோல் இது: அந்தப் பெயரை வேறு ஒரு மனிதக் கூட்டத்தை இழிவாக அழைக்கப் பயன்படுத்துகிறார்களா? ஆம் என்றால் அது செல்லப் பெயர் இல்லை.

மறுப்பவர்கள் சொல்வது

ஆய்வுக் கட்டுரை என்றால் எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும் அல்லவா?

'பாரம்பரியம் போய்விடுகிறதே!' என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. கியூபெக் நகரில் 1960 முதல் நடக்கும் பீவீ ஹாக்கிப் போட்டி உலகப் புகழ் பெற்றது. கீ லஃப்லர், வெயின் கிரெட்ஸ்கி போன்ற மாபெரும் வீரர்கள் சிறுவர்களாக ஆடிய போட்டி. பிரிவின் பெயர் மாறிய பிறகும் அந்தப் போட்டி தன் 'பீவீ' என்ற பெயரை வைத்துக்கொண்டது. யாரும் தடுக்கவில்லை. புண்படுத்தாத பழைய பெயர் ஒரு கோப்பையின் பெயராக வாழ இடம் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

'எண்ணில் உயிர் இல்லை. பேண்டம் என்றால் ஒரு கெத்து இருக்கிறது, யு-15 என்றால் என்ன இருக்கிறது?' என்பது இரண்டாவது வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெத்து குழுவின் பெயரில் இருக்கட்டுமே! சிங்கம், புலி, புயல் என்று எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பிரிவின் பெயர் தகவல் சொன்னால் போதும். நம் நாட்டுக் கிரிக்கெட்டில் கூச் பெஹார் கோப்பை 19 வயதுக்கு உட்பட்டோருக்கு, விஜய் மெர்ச்சன்ட் கோப்பை 16 வயதுக்கு உட்பட்டோருக்கு. கோப்பைக்கு ஒரு பெயர், பிரிவுக்கு ஓர் எண். இரண்டும் சண்டையில்லாமல் சேர்ந்தே இருக்கின்றன.

'நாங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லையே' என்பது மூன்றாவது வாதம். இதற்கு நான் பதில் சொல்வதைவிட, நம் பேச்சு வழக்கிலேயே பதில் இருக்கிறது. காலை மிதித்தவன் 'வேணும்னு மிதிக்கலை' என்றால் கோபம் தணியலாம். வலி தணியாது.

எண் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா?

இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்து ஆடுகிறார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். 8 வயதில் ஓராண்டு என்பது பெரிய விஷயம். வளர்ந்தவனைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுத்து நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள். அவன் மேலும் வளர்கிறான். கனடாவைச் சேர்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்ந்தவர்களும், மேல்மட்ட ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்பதை 1985-ல் எடுத்துக்காட்டினார்கள். பெயர் மாறினாலும் இந்தக் கோணல் நிமிராது.

அடுத்தது வயது மோசடி. எண்ணில் பிரிவு இருந்தால் எண்ணைத் திருத்தவும் ஆள் இருக்கும்! இதற்காகவே 17 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் 16 வயதுக்கு உட்பட்டோர் கிரிக்கெட்டில் மணிக்கட்டு எக்ஸ்-ரேயை வைத்து எலும்பு வயதைக் கணிக்கும் முறை வந்தது.

ஆகவே எண் ஒரு மந்திரக்கோல் அல்ல. ஆனால் ஒரு காரியத்தை அது சரியாகச் செய்கிறது: வயதை வயதாக மட்டும் சொல்கிறது. உடம்பின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நம்ம பக்கம் பார்ப்போமா?

நம் தமிழகப் பள்ளி விளையாட்டுகளில் ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். முறையே 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர். இவை யாரையும் இழிவு செய்யும் பெயர்கள் அல்ல. ஆனால் 'ஜூனியர்' என்றால் பள்ளி மண்டலப் போட்டியில் 14. தடகளச் சங்கப் போட்டியில் 20! ஒரே வார்த்தைக்கு இரண்டு வயது.

பெயரையும் உருவத்தையும் போட்டுக் குழப்பினால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு அப்போது 16 வயது. குண்டு எறிதலில் சீனியர் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் செங்கல்லைத் தூக்கித் தூக்கிப் பழகியவன். மைதானத்தில் வரிசையில் நின்றவனைப் பார்த்து ஒருவர், "தம்பி, ஜூனியர் எல்லாம் அந்தப் பக்கம், போ போ" என்றார். இவன் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினான். அவர் அதைப் படித்துவிட்டு மைக் பக்கம் திரும்பி, "ஐயா, இவரு சீனியராம்!" என்றார். மைதானமே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. பிறகு தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். ஆனால் தம்பி அன்றைக்கு எறிந்த குண்டு, வீட்டில் எறிவதில் பாதி தூரம்கூடப் போகவில்லை. அதன் பிறகு அவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

நான் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சிரித்தவர்களில் நான் இல்லை. ஆனால் எழுந்து ஒரு வார்த்தை கேட்டவனும் நான் இல்லை.

நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, உயரக் குறைவையும் அதன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வயது வந்த பிறகு உயரம் நாலடி பத்து அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர், அல்லது அதற்குக் குறைவு என்பது வரையறை. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நாம் வழங்கிய சொற்களை நினைத்துப் பாருங்கள். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு இந்தச் சொல்லை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலில் வாயில் நுழையவில்லை என்றார்கள். இன்று பஸ் இருக்கையிலும் ரேஷன் கடையிலும் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. சொல் மாறும், வாயும் பழகும்.

2024 பாரீஸ் பாராலிம்பிக்கில், உயரக் குறைவு உள்ளவர்களுக்கான எஃப்-41 பிரிவு ஈட்டி எறிதலில் நம் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அதே போட்டிகளில் நம் தமிழகத்தின் நித்ய ஸ்ரீ சிவன், எஸ்.எச்-6 பிரிவு பேட்மின்டனில் வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவுகளின் பெயர்களைப் பாருங்கள்! எஃப்-41, எஸ்.எச்-6. ஓர் எழுத்து, ஓர் எண். அவ்வளவுதான். யாரும் அங்கே கொசு இல்லை, குட்டியும் இல்லை.

என் கையெழுத்து

இப்போது அந்தக் 'கொசு' விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஹாஸ்டலில் வருடா வருடம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கிறதே, அதில் முதலாண்டுக்குக் 'கொசு', இரண்டாமாண்டுக்கு 'வண்டு', மூன்றாமாண்டுக்குச் 'சிங்கம்' என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு அட்டவணைச் சார்ட்டை எழுதியவன் நான்தான். டிராயிங் ஷீட்டில், நல்ல லெட்டரிங்கில், ஒரு கொசுப் படமும் வரைந்து 'கொசுப் பிரிவு' என்று எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

என்னைப் பார்க்க ஒருநாள் அப்பாவோடு தம்பி ஹாஸ்டலுக்கு வந்தான். அந்தச் சார்ட் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். வராந்தாவில் இரண்டு பேர் அவனையும் சார்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தம்பி என்னிடம் திரும்பி, "அண்ணா, ஜாக்கெட்ல இருந்ததும் இதுதானே? இது உன் கையெழுத்து மாதிரி இருக்கே" என்றான்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டான்.

கனடாக்காரன் தைத்த எழுத்துக்கு ஆராய்ச்சி செய்த நான், என் கையால் எழுதியதை மறந்திருந்தேன்!

இந்த ஆண்டு சார்ட்டில் 'முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு' என்று மட்டும் எழுதினேன். "ஏன்டா, சுவாரஸ்யமே போச்சு" என்று சிலர் குறைப்பட்டார்கள். குழுக்களுக்கு அவரவர் விருப்பப்படி பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றதும் முதலாண்டுத் தம்பிகள் 'கரிகாலன்' என்று வைத்துக்கொண்டார்கள். இறுதிப் போட்டியில் மூன்றாமாண்டைத் தோற்கடித்தும் விட்டார்கள்! சுவாரஸ்யம் எங்கேயும் போகவில்லை.

நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: விளையாட்டு விழாவில் எந்தப் பிரிவுக்கும் வயது, ஆண்டு, எடை ஆகியவற்றில் எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதையே பெயராக எழுதுவோம்.

இரண்டு: மைக்கில் அறிவிப்பவர் பெயரையும் பிரிவையும் மட்டும் சொல்லட்டும். உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

மூன்று: இதுவரை பெயர் கொடுக்காதவர்களை அழைத்துப் பேசிப் பெயர் வாங்குவோம். ஏன் கொடுக்கவில்லை என்ற காரணம் அவர்கள் வாயிலிருந்து சுலபமாக வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

அந்த ஜாக்கெட் இப்போதும் தம்பியிடம் இருக்கிறது. அம்மா ஒரு பிளேடை வைத்து எழுத்துகளைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். நூல் போய்விட்டது. கிட்டத்தில் பார்த்தால் ஊசித் துளைகள் மட்டும் இன்னும் தெரிகின்றன. "துவைக்கத் துவைக்கப் போயிடும்டா" என்கிறார்கள் அம்மா.

சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது கொல்லைப்புறத்தில் 'தொப்' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செங்கல் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தான். எந்தப் போட்டிக்கு என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும்.

நண்பர்களே! நாளைக்கு நாம் வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராகலாம்; ஊர்ச் சங்கத்தில் விளையாட்டுச் செயலாளராகலாம். பேர் எழுதும் பேனா நம் கைக்கும் வரும். எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிப்போம். அந்தப் பலகையின் முன்னால் யார் வந்து நிற்பார்கள் என்று யோசிப்போம்.



- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை